கனமான மின்னூட்டத் துகள்களை டோசிமீட்டர் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

கதிர்வீச்சு டோஸை, அதாவது பொருளின் ஒவ்வொரு கிலோவிலும் படியும் கதிர்வீச்சு ஆற்றலை, அளக்கும் கருவிதான் டோசிமீட்டர். கேள்வி இதுதான்: சீசியம்-137 காமாக் கதிரில் அளவுத்திருத்தம் செய்த லித்தியம் ஃபுளோரைடு டோசிமீட்டரை ஆல்ஃபா துகள்களுக்கோ கார்பன் அயனிக் கற்றைக்கோ காட்டினால், உண்மையான டோஸைவிடக் குறைவாகவே அது சொல்கிறது. ஏன்? ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடாதா?

பெருக்கலாம், என்ன துகள், என்ன வேகம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால். பல துகள்கள் கலந்து வரும் இடத்தில் அந்தப் பெருக்கல் தவறான விடையைத்தான் தரும். காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பலரும் மனதில் வைத்திருக்கும் விளக்கம், அதாவது 'துகளின் ஆற்றல் இழப்பு கூடக்கூட டோசிமீட்டரின் திறன் குறையும்' என்பது, பாதி உண்மைதான்.

லித்தியம் ஃபுளோரைடு போன்ற வெப்ப ஒளிர்வு டோசிமீட்டரில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிகத்தில் வேண்டுமென்றே சேர்த்த மாசு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பொறிகளை உண்டாக்குகின்றன. மெக்னீசியமும் டைட்டானியமும் கலந்த லித்தியம் ஃபுளோரைடில் பொறிகளுக்கு மெக்னீசியமும், ஒளி உமிழும் மையங்களுக்கு டைட்டானியமும் காரணம். கதிர்வீச்சு எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. சில பொறியில் விழுகின்றன. பின்னர் சூடாக்கும்போது வெளியேறி, மையங்களில் மறுபடி சேர்ந்து ஒளியாகின்றன. வெப்பநிலைக்கு எதிரே ஒளியை வரைந்தால் பல உச்சிகள் கொண்ட ஒளிர்வு வரைகோடு கிடைக்கும். 200 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும் ஐந்தாம் உச்சியைத்தான் டோஸ் கணக்கிட வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். ஒளித்தூண்டல் ஒளிர்வு வகையில் வெப்பத்துக்குப் பதில் ஒளி பாய்ச்சுகிறோம், அவ்வளவுதான்.

இந்த ஐந்தாம் உச்சி காமாவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. சுமார் 1 கிரே (டோஸின் அலகு) வரை டோஸுக்கு நேர்விகிதத்தில் ஒளி கூடும். அதற்கு மேல், சில நூறு கிரே வரை, ஒளி டோஸைவிட வேகமாகக் கூடும். இதை மிகைநேரியல்பு என்கிறோம். பிறகு பொறிகள் நிரம்பி, ஆயிரம் கிரே அளவில் வளர்ச்சி நின்றுவிடும். நாம் அளக்கும் டோஸ் மில்லிகிரேக்களில் இருக்கும்போது ஆயிரம் கிரேயைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோன்றலாம். கனமான துகளுக்கு அந்தக் கவலை முதல் துகளிலேயே வந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு துகள் தன் பாதையில் ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் விட்டுச்செல்லும் ஆற்றலை நேரியல் ஆற்றல் மாற்றம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இங்கே சுருக்கமாக இழப்பு வீதம் என்கிறேன். இழப்பு வீத எண்கள் எல்லாம் தண்ணீரில், மைக்ரோமீட்டருக்கு எத்தனை கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகு; ஆயிரம் கேஇவி ஒரு எம்இவி) என்பவை. சீசியம் காமா கிளப்பும் எலக்ட்ரான்களின் இழப்பு வீதம் மைக்ரோமீட்டருக்கு ஏறக்குறைய கால் கேஇவி. 1 மில்லிகிரே சேர, சுமார் 40 சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரு எலக்ட்ரான் கடந்தால் போதும். இதே 1 மில்லிகிரேயை, இழப்பு வீதம் 100 கேஇவி உள்ள துகள்கள் தந்தால், 16,000 சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரே ஒரு துகள்தான் கடக்கும். அதாவது 126 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ஒரு தடம். மீதி இடம் கிட்டத்தட்ட தொடப்படாமல் கிடக்கும். அந்தத் தடத்துக்குள்ளோ நிலைமை வேறு. ஆற்றலில் பாதி, பாதையிலிருந்து 10 நானோமீட்டர் தூரத்துக்குள் படிகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உருளைக்குள் சராசரி டோஸ் 25,000 கிரே அளவுக்கு வருகிறது. சராசரி 1 மில்லிகிரே என்று நாம் எழுதும் எண்ணுக்குள், ஒன்றுமே இல்லாத பரந்த வெளியும், ஐந்தாம் உச்சி நிறைவடையும் அளவைப் பல மடங்கு தாண்டிய நூல்போன்ற தடங்களும் இருக்கின்றன.

குறைத்துக் காட்டுவதன் காரணம் இதுவே. தடத்தின் நடுவில் எல்லாப் பொறிகளும் நிரம்பிய பிறகு வந்து சேரும் ஆற்றல் ஒளியாக மாறப் போவதில்லை. அந்த ஆற்றலும் டோஸில் சேர்கிறது, ஆனால் டோசிமீட்டரின் கணக்கில் வருவதில்லை.

இதைக் கணிதமாக்கியவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கேட்ஸ். 1967-இல் சக ஆய்வாளர் பட்ஸுடன் சேர்ந்து அவர் முன்வைத்த தட அமைப்புக் கோட்பாட்டின் அடிப்படை எளிமையானது: கனமான துகளின் விளைவு என்பது அது அணுக்களிலிருந்து தட்டிவிடும் எலக்ட்ரான்களின் (இவையே டெல்டா எலக்ட்ரான்கள்) விளைவே. பாதையிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் டோஸ் குறைகிறது. ஒவ்வொரு தூரத்திலும் உள்ள டோஸுக்கு, காமாவில் அளந்த டோஸ்-ஒளி வரைகோட்டிலிருந்து விடையை எடுத்து, தடம் முழுவதும் கூட்டினால் அந்தத் துகளுக்கான சார்புத் திறன் கிடைத்துவிடும். சார்புத் திறன் என்பது, ஒரே டோஸுக்கு அயனியிடம் கிடைக்கும் ஒளியை காமாவிடம் கிடைக்கும் ஒளியால் வகுத்தது. காமா வரைகோடு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரும்பு அயனிக்கு விடை சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் அழகாகவே படுகிறது.

இந்தப் பார்வையிலிருந்து இரண்டு விஷயங்கள் தாமாகவே வருகின்றன. முதலாவது, பொருளுக்குப் பொருள் ஏன் மாறுகிறது என்பது. மெக்னீசியம், செம்பு, பாஸ்பரஸ் கலந்த லித்தியம் ஃபுளோரைடு காமாவில் மிக நுண்ணுணர்வு கொண்டது; ஆனால் அதற்கு மிகைநேரியல்பு கிடையாது, நேராக ஏறி நிறைவை நோக்கி வளைந்துவிடும். அதனால் தடத்துக்குள் அதற்கு இழப்பு மட்டுமே. சில எம்இவி ஆற்றலுள்ள ஆல்ஃபாவுக்கு அதன் திறன் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மெக்னீசியம், டைட்டானியம் கலந்தது அதே ஆல்ஃபாவுக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. இது மட்டுமல்ல, வேகமான ஹீலியம் போன்ற, இழப்பு வீதம் சில கேஇவி அளவில் உள்ள அயனிகளுக்கு அதன் திறன் 1-ஐச் சற்றே தாண்டவும் செய்கிறது. தடத்தில் உள்ள டோஸின் பெரும்பகுதி மிகைநேரியல்பு நடக்கும் வட்டாரத்தில் விழுவதால் இது நிகழ்கிறது. ஆக, கனமான துகள் என்றாலே குறைத்துக் காட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில சமயம் கூட்டியும் காட்டும்.

இரண்டாவது விஷயம்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இழப்பு வீதம் மட்டும் தெரிந்தால் திறனைச் சொல்லிவிட முடியாது. 10 எம்இவி புரோட்டானுக்கு இழப்பு வீதம் மைக்ரோமீட்டருக்கு 4.6 கேஇவி. நியூக்ளியான் (அணுக்கருவிலுள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கு 55 எம்இவி உள்ள ஹீலியத்துக்கும் அதே 4.6 கேஇவிதான். ஆனால் டெல்டா எலக்ட்ரானின் அதிகபட்ச ஆற்றலைத் தீர்மானிப்பது துகளின் வேகம். அந்தப் புரோட்டான் தட்டும் எலக்ட்ரான் அதிகபட்சம் 22 கேஇவி பெற்று 10 மைக்ரோமீட்டர் அளவுக்குள் நின்றுவிடும். ஹீலியம் தட்டுவது 124 கேஇவி வரை பெற்று 200 மைக்ரோமீட்டர் வரை போகும். முதலாவது ஒல்லியான, அடர்ந்த தடம். இரண்டாவது அதே ஆற்றலை அகலமாக விரித்த தடம். பொறிகள் நிரம்புவதே பிரதானமாக உள்ள பொருளில் ஒல்லியான தடமே அதிகம் வீணாக்கும்.

இதன் உச்ச எடுத்துக்காட்டு ஆல்ஃபாவும் இரும்பும். 5 எம்இவி ஆல்ஃபாவின் இழப்பு வீதம் 90 கேஇவி அளவு. முடுக்கியில் கிடைக்கும், நியூக்ளியானுக்கு 500 எம்இவி உள்ள இரும்பு அயனிக்கு அது 200 கேஇவி, ஆல்ஃபாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இழப்பு வீதம் மட்டுமே விதி என்றால் இரும்புக்குத் திறன் இன்னும் கீழே இருக்க வேண்டும். உண்மையில் லித்தியம் ஃபுளோரைடில் இரும்பின் திறன் பாதியை ஒட்டி, ஆல்ஃபாவைவிட உயர்வாகவே இருக்கிறது. ஏனென்றால் அதன் டெல்டா எலக்ட்ரான்கள் 1 எம்இவிக்கும் மேல் ஆற்றல் பெற்று மில்லிமீட்டர் கணக்கில் விரிகின்றன. திறனை இழப்பு வீதத்துக்கு எதிரே வரைந்த படங்களில் புள்ளிகள் ஒரே கோட்டில் விழாமல் ஒவ்வொரு அயனிக்கும் தனிக் கிளையாகப் பிரிவதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தப் பிரிவுதான் இயற்பியல்.

கேட்ஸின் கோட்பாடு முழுமையானதும் அல்ல. சில நானோமீட்டர் அளவில் 'டோஸ்' என்ற சராசரியே பொருளிழக்கிறது; அங்கே ஒவ்வொரு மோதலும் தனித்தனி நிகழ்ச்சி. தடத்தில் உள்ள எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் காமா கிளப்புவதிலிருந்து வேறுபட்டது. அருகருகே உண்டாகும் மின்னூட்டங்கள் பொறியை அடையுமுன்னே ஒன்றோடொன்று சேர்ந்துவிடவும் கூடும். டோஸுக்குப் பதிலாக, நுண்ணிய இலக்குக்குள் ஒரு நிகழ்ச்சியில் படியும் ஆற்றலின் பரவலை எடுத்துக் கணக்கிடும் நுண்டோஸிமெட்ரி அணுகுமுறை பின்னாளில் வலுப்பெற்றதற்கு இவையே காரணம். பல பொருள்களுக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். பிறர் வெளியிட்ட திறன் மதிப்பை எடுத்து அப்படியே உங்கள் டோசிமீட்டருக்குப் போடக் கூடாது. ஒரே வகைப் பெயரில் விற்கும் படிகங்களிலும் தயாரிப்புத் தொகுதிக்கு ஏற்ப மாசின் அளவு மாறும். கதிர்ப்படுத்துவதற்கு முன் படிகத்தை எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் வைத்து, எவ்வளவு வேகமாகக் குளிரவிட்டீர்கள் என்பது பொறிகளின் தொகையையே மாற்றிவிடும். ஐந்தாம் உச்சியின் உயரத்தை எடுத்தீர்களா, 300 டிகிரி வரை பரப்பைக் கூட்டினீர்களா என்பது இன்னும் பெரிய வேறுபாடு தரும். 250-இலிருந்து 300 டிகிரி வட்டாரத்தில் வரும் உயர்வெப்ப உச்சிகளுக்கு மிகைநேரியல்பு ஐந்தாம் உச்சியைவிட முன்பே தொடங்குகிறது, வலுவாகவும் இருக்கிறது. எனவே அடர்ந்த தடங்களில் அவை காமாவில் பார்ப்பதைவிட எடுப்பாக எழும். பரப்பு முழுவதையும் கூட்டுபவருக்குத் திறன் உயர்ந்து தெரியும். உச்சியின் உயரத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தாழ்ந்து தெரியும். இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள்.

ஒப்பீட்டுக்கான காமா டோஸைத் தேர்வதும் முக்கியம். 10 கிரேயில் காமா அளவுத்திருத்தம் செய்தால் மிகைநேரியல்பு ஏற்கெனவே புகுந்துவிட்டிருக்கும். வகுக்கும் எண் ஊதிப்போய், அயனியின் திறன் பொய்யாகக் குறையும். நேர்விகிதம் நிலவும் பகுதியிலேயே ஒப்பிட வேண்டும். அயனி டோஸிலும் கவனம் தேவை: தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவுக்குப் போனால், நீங்கள் தனித்த தடத்தின் திறனை அளக்கவில்லை.

டோசிமீட்டரின் தடிமனும் சிக்கல் தரும். வழக்கமான சில்லின் (சிறு டோசிமீட்டர் படிகத் துண்டின்) தடிமன் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். 5 எம்இவி ஆல்ஃபா தண்ணீரிலேயே 37 மைக்ரோமீட்டரில் நின்றுவிடும். அதைவிட அடர்த்தியான லித்தியம் ஃபுளோரைடில் இன்னும் குறைவு. சில்லின் மேல்தோல் மட்டும் கதிர் வாங்குகிறது, நீங்களோ முழு நிறையால் வகுக்கிறீர்கள். இதைத் திறன் குறைவு என்று பெயரிட்டு எழுதியவற்றைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது வெறும் வடிவியல். புரோட்டான் கற்றையின் பிராக் உச்சியிலும், அதாவது புரோட்டான் நிற்பதற்குச் சற்றுமுன் ஆற்றல் மிகுதியாகப் படியும் ஆழத்திலும், இதே கதைதான்: சில்லின் முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் இடையில் இழப்பு வீதம் வெகுவாக மாறிவிடுகிறது. சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய அடுக்கு டோசிமீட்டர்கள் இதற்காகத்தான்.

திறன் குறைவது நடைமுறையில் எங்கே வலிக்கிறது? புரோட்டான் சிகிச்சையில், கட்டியின் மேல் விழ வேண்டிய பிராக் உச்சியிலேயே டோசிமீட்டர் குறைத்துக் காட்டும். முகப்பில் சரியாகவும் உச்சியில் குறைவாகவும் அளக்கும் கருவியை நம்பினால் ஆழ-டோஸ் வரைகோட்டின் வடிவமே தவறாகிவிடும். விண்வெளியில் சிக்கல் வேறு விதம். அண்டக் கதிரின் அணுக்கருக்களில் சுமார் 87 சதவீதம் புரோட்டான், 12 சதவீதம் ஹீலியம், 1 சதவீதம் மட்டுமே அவற்றைவிடக் கனமானவை. ஆனால் உடலுக்கான ஆபத்தைக் கணக்கிட, சர்வதேசக் கதிர்ப்பாதுகாப்பு ஆணையத்தின் 60-ஆம் வெளியீடு தரும் தரக் காரணி 10 கேஇவி வரை 1 ஆகவே இருந்து, பிறகு ஏறி, 100 கேஇவியில் 30-ஐத் தொடுகிறது. டோசிமீட்டர் எங்கே அதிகம் தவறவிடுகிறதோ, அதே இடத்தில்தான் ஒவ்வொரு மில்லிகிரேயும் அதிக எடை பெறுகிறது. அங்கே சராசரித் திருத்தக் காரணி ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது.

இதற்கான வழி, ஒரே எண்ணுக்குப் பதில் இரண்டு தகவல்களை எடுப்பது. விண்வெளி டோஸிமெட்ரியில் வேரூன்றிய முறை, வெப்ப ஒளிர்வு அல்லது ஒளித்தூண்டல் டோசிமீட்டருடன் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் தடங்காட்டியைச் சேர்த்து வைப்பது. இந்தப் பிளாஸ்டிக் கனமான துகளின் பாதையில் சேதமடைகிறது; சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்தால் ஒவ்வொரு துகளும் ஒரு குழியாகத் தெரியும், குழியின் அளவிலிருந்து இழப்பு வீதம் கிடைக்கும். ஏறக்குறைய 5 கேஇவிக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. அங்கேதான் லித்தியம் ஃபுளோரைடு நன்றாக வேலை செய்கிறது. 10 கேஇவிக்கு மேலுள்ள டோஸைத் தடங்களிலிருந்து எடுத்து, அது ஒளிர்வு டோசிமீட்டரில் எவ்வளவு ஒளி தந்திருக்கும் என்று திறனைக் கொண்டு கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். எஞ்சுவது 10 கேஇவிக்குக் கீழுள்ள டோஸ். இரண்டையும் கூட்டினால் மொத்தம். இதில் திறன் மதிப்பு சற்றுப் பிசகினாலும் அது கழிக்கப்படும் சிறு பங்கை மட்டுமே பாதிக்கிறது என்பதால், இந்த முறை தாங்கும் தன்மை கொண்டது.

ஒரே படிகத்திலிருந்தே இரண்டு தகவல்களை எடுக்கவும் முடியும். உயர்வெப்ப உச்சிகள் கனமான துகளுக்கு எடுப்பாக எழுகின்றன என்றேன் அல்லவா? அவற்றுக்கும் ஐந்தாம் உச்சிக்கும் உள்ள விகிதத்தை காமாவில் கிடைக்கும் விகிதத்தோடு ஒப்பிட்டுச் சராசரி இழப்பு வீதத்தை மதிப்பிடும் முறையை வியன்னா ஆய்வாளர்கள் வளர்த்தார்கள். மிர் விண்வெளி நிலையத்திலும் அது பயன்பட்டது. யோசனை நல்லது. ஆனால் கலப்புப் புலத்தில் அந்தச் 'சராசரி' என்பதன் பொருள் தெளிவாக இல்லை: மிகுதியான வேகப் புரோட்டான்களும் கொஞ்சம் இரும்பும் சேர்ந்த கலவையும், நடுத்தரமான ஒரே வகைத் துகளும் ஒரே விகிதத்தைத் தர முடியும். தெரிந்த ஒற்றைக் கற்றையில் இதை நம்புவேன். விண்வெளியில் துணைச் சான்றாக மட்டுமே வைத்துக்கொள்வேன்.

கார்பன் கலந்த அலுமினியம் ஆக்சைடில் இதற்கு இன்னும் நேர்த்தியான ஒரு வழி உண்டு. அது தரும் ஒளியில் 420 நானோமீட்டர் நீலமும், 330 நானோமீட்டரைச் சுற்றிய புறஊதாவும் இருக்கின்றன. நீலம் 35 மில்லிவினாடி ஆயுளுடன் மெதுவாக வரும். புறஊதா உடனே வந்துவிடும். எனவே வண்ண வடிகட்டியாலோ காலத்தாலோ பிரித்துவிடலாம். இழப்பு வீதம் கூடும்போது நீலம்தான் கூடுதலாகத் தளர்கிறது. இரண்டின் விகிதம் துகளின் தன்மையைச் சொல்ல, அதைக் கொண்டே நீலத்தின் குறையைத் திருத்தலாம். புரோட்டான் சிகிச்சைக் கற்றைகளுக்கு இது பொருத்தமான கருவி என்பது என் கருத்து. அதே ஆக்சைடில் மெக்னீசியமும் சேர்த்து வளர்த்த படிகத்தில், ஒவ்வொரு தனித் துகளின் தடத்தையும் லேசர் நுண்ணோக்கியில் ஒளிரும் புள்ளியாகப் பார்க்க முடிகிறது; அரிக்கத் தேவையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம்.

சிலிக்கான் வகைகளையும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. அவற்றில் பொறி நிரம்புவது பிரதானம் அல்ல, மறுசேர்க்கைதான். மாஸ்ஃபெட் (ஒருவகை சிலிக்கான் டிரான்சிஸ்டர்) டோசிமீட்டரின் ஆக்சைடு அடுக்கில், அடர்ந்த தடத்தில் உண்டான எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) மின்புலம் பிரிக்குமுன்பே சேர்ந்துவிடுகின்றன. அதனால் பிராக் உச்சியில் அதுவும் குறைத்தே காட்டும். துகள் மின்புலத்துக்கு இணையாக நுழைகிறதா குறுக்காகவா என்பதைப் பொறுத்தும் இழப்பு மாறும். எந்தக் கோணத்தில் அளவுத்திருத்தம் செய்தோம் என்பதை எழுதி வைக்காத மாஸ்ஃபெட் தரவு அயனிக் கற்றைக்குப் பயன்படாது.

நியூட்ரான் அளப்பவர்களும் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. லித்தியம்-6 செறிவூட்டிய சில்லில் வெப்ப நியூட்ரான் (வேகம் குறைந்த நியூட்ரான்) நுழைந்தால், 4.78 எம்இவி பகிர்ந்துகொண்ட ஓர் ஆல்ஃபாவும் ஒரு டிரிட்டானும் (டிரிட்டியத்தின் அணுக்கரு) படிகத்துக்குள்ளேயே பிறக்கின்றன. வெளியே கனமான துகளே இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிறது. அந்தச் சில்லின் உயர்வெப்ப உச்சிகள் எடுப்பாக எழுவது அதனால்தான். நியூட்ரானை அநேகமாக உணராத லித்தியம்-7 சில்லோடு ஜோடி சேர்த்து அதன் அளவைக் கழிக்கும்போது இரண்டுக்கும் ஒரே வெப்பநிலை எல்லையில் பரப்பைக் கூட்டியிருக்கிறோமா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் யோசனை: உங்களிடம் உள்ளது தெரிந்த ஆற்றலுள்ள ஒற்றைக் கற்றை என்றால், உங்கள் தொகுதிச் சில்லுகளை, உங்கள் வெப்பப் பதப்படுத்தலுடன், அதே அயனியில் அதே ஆற்றலில் நீங்களே அளந்து காரணி எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை எழுதும்போது அயனி, ஆற்றல், இழப்பு வீதம், எந்த உச்சி, எந்தக் காமா டோஸ் என்ற ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். கலப்புப் புலம் என்றால், இரண்டாவது டோசிமீட்டரையோ இரண்டாவது சமிக்ஞையையோ ஏற்பாடு செய்த பிறகு அளக்கத் தொடங்குங்கள். கதிர்ப்படுத்தி முடித்த பின், ஒளிர்வு வரைகோட்டையும் சேமிக்காமல் ஒரே ஓர் எண்ணை மட்டும் குறித்துவைத்தால், அதிலிருந்து துகளின் தன்மையைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.